வேப்பங்கொட்டைக் கரைசல்: ஒரு வயலில் கேட்கும் மருந்து அடுத்த வயலில் ஏன் கேட்பதில்லை?

உத்திரமேரூர் வட்டாரத்தில் சம்பா நடவு முடிந்து பயிர் தூர் கட்டும் நேரத்தில், ஏதாவது ஒரு டீக்கடையில் இந்தப் பேச்சு காதில் விழும். "வேப்பங்கொட்டை அடிச்சேன், ஒண்ணும் கேக்கல." பக்கத்திலேயே ஒருவர், "எனக்கு நல்லா கேட்டுச்சே" என்பார். இருவரும் ஒரே மரத்தடியில் பொறுக்கிய கொட்டையைக்கூட வாங்கியிருக்கலாம். பயிரும் ஒன்று, பூச்சியும் ஒன்று. பலன் மட்டும் ஏன் வேறு?

இது வெறும் டீக்கடை விவாதம் இல்லை. கரைசல் கேட்காமல் போன விவசாயி அடுத்து போகும் இடம் பூச்சிமருந்துக் கடைதான். அங்கே வாங்கும் வீரியமான மருந்துக்குக் கைக்காசு போகும், அல்லது கடன் கணக்கில் ஏறும். அந்த மருந்து புழுவோடு சேர்த்து, வயலில் இருக்கும் சிலந்தி போன்ற நன்மை செய்யும் உயிர்களையும் கொன்றுவிடும். அவை போனபின் புகையான் முன்பைவிட வேகமாகப் பெருகும் என்பது நெல் விஞ்ஞானிகள் பல நாடுகளில் பார்த்த விஷயம். ஆக, ஒரு கரைசல் ஏன் தோற்றது என்று தெரிந்துகொள்வது ஒரு போகத்தின் செலவுக் கணக்கையே மாற்றக்கூடியது.

சுருக்கமான பதில் இதுதான்: வேப்பங்கொட்டையில் பூச்சியைத் தடுக்கும் முக்கியமான பொருள் மிகச் சீக்கிரம் உடைந்துபோகும் பொருள். கரைத்த தண்ணீர், பட்ட வெயில், கடந்த நேரம், கொட்டையின் வயது ஆகிய நான்கும் சேர்ந்துதான் தெளிக்கும்போது டேங்கில் மருந்து இருக்கிறதா, வெறும் கசப்புத் தண்ணீர் இருக்கிறதா என்பதைத் தீர்மானிக்கின்றன.

கொட்டைக்குள் இருப்பது என்ன?

அந்தப் பொருளின் பெயர் அசாடிராக்டின். வேம்பின் தாவரவியல் பெயரான 'அசாடிராக்டா இண்டிகா'விலிருந்து வந்தது. பாரசீக மொழியில் 'ஆசாத்' என்றால் சுதந்திரம், 'திரக்த்' என்றால் மரம்.

வேம்பைப் பூச்சி தொடாது என்பது நம் ஊர்களில் காலகாலமாகத் தெரியும். நெல் குதிரிலும் துணிப் பெட்டியிலும் வேப்பிலை போட்டவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அறிவியல் உலகம் இதைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கியதற்கு வெட்டுக்கிளிகள் ஒரு காரணம். 1959-ல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கியபோது, மற்ற செடிகொடிகள் மொட்டையாக, வேப்ப மரங்கள் மட்டும் பச்சையாக நின்றதை ஜெர்மன் பூச்சியியலாளர் ஹைன்ரிஷ் ஷ்முட்டரர் கவனித்தார். டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ்.பிரதான் தலைமையிலான குழு, வேப்பம்பருப்புக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளிகள் தின்னாமல் விடுவதை 1962-ல் எழுதி வெளியிட்டது. 1968-ல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த், மோர்கன் ஆகிய இருவரும் வேப்பங்கொட்டையிலிருந்து அசாடிராக்டினைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள்.

பிரித்தபின்தான் சிரமம் தொடங்கியது. அதன் வடிவம் என்ன என்று சரியாகக் கண்டுபிடிக்கவே 1980-களின் நடுப்பகுதி வரை ஆனது. அதை ஆய்வகத்தில் முழுமையாகச் செய்து காட்ட கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் லே குழுவினருக்கு 22 ஆண்டுகள் பிடித்தன, 2007-ல்தான் முடிந்தது. வேப்ப மரம் ஒவ்வொரு வருஷமும் ஆனியில் சத்தமில்லாமல் செய்து கீழே கொட்டுகிற பொருள் அது.

அளவு மட்டும் குறைவு. ஒரு கிலோ வேப்பம்பருப்பில் அசாடிராக்டின் சில கிராம்தான் இருக்கும். இலையில் அதைவிட மிகக் குறைவு. அதனால்தான் பரிந்துரைகள் எல்லாம் இலையை விட்டுவிட்டுக் கொட்டையைச் சொல்கின்றன.

பூச்சியை இது எப்படித் தடுக்கிறது?

இங்கேதான் முதல் குழப்பம். கடை மருந்து அடித்தால் மறுநாள் காலையில் புழு செத்து விழுந்திருக்கும். அசாடிராக்டின் அப்படி வேலை செய்யாது. இலையைக் கடித்த பூச்சிக்குத் தீனியின் மேல் நாட்டம் போகும். உடம்புக்குள் போனால், புழு தோலுரிப்பதற்குத் தேவையான ஹார்மோன் சுரப்பைக் குழப்பும். தோலுரிக்க முடியாத புழு அடுத்த பருவத்துக்குப் போக முடியாது. முட்டையிடுவதும் குறையும்.

இதற்கெல்லாம் சில நாட்கள் ஆகும். ஆகவே, தெளித்த மறுநாள் வயலுக்குப் போய் "புழு உயிரோடதான் இருக்கு" என்று முடிவு கட்டினால், நல்ல கரைசலும் தோற்றதாகத்தான் தெரியும். இலையில் புதுக் கடி இருக்கிறதா, புழு பெரிதாகிறதா என்று நான்கைந்து நாள் கழித்துப் பார்ப்பதே சரி. இன்னொன்றும் சொல்லவேண்டும்: இலைச் சுருட்டுப்புழு, புகையான், கதிர் நாவாய்ப்பூச்சி போன்றவற்றுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் பரிந்துரைக்கப்படுகிறது. தண்டுக்குள் நுழைந்துவிட்ட குருத்துப்பூச்சியின் புழுவை வெளியே தெளிக்கும் கரைசல் எட்டிப்பிடிக்காது.

48 நிமிடமா, 4 நாளா?

இரண்டாவது காரணம் வேதியியல். அமெரிக்காவின் தேசிய பூச்சிக்கொல்லித் தகவல் மையம் அசாடிராக்டினுக்குத் தரும் கணக்கு ஒன்று இருக்கிறது. தண்ணீரில் அதன் அரை ஆயுள் 48 நிமிடம் முதல் 4 நாள் வரை. இலையின் மேல் ஒரு நாள் முதல் இரண்டரை நாள் வரை. மண்ணில் 3 நாள் முதல் 44 நாள் வரை.

அரை ஆயுள் என்றால் இருக்கும் பொருளில் பாதி உடைந்துபோக ஆகும் நேரம். நூறு பங்கு மருந்து கரைத்து, அரை ஆயுள் ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால், முதல் நாள் முடிவில் ஐம்பது, இரண்டாம் நாள் இருபத்தைந்து, மூன்றாம் நாள் பன்னிரண்டரை. அதே அரை ஆயுள் 48 நிமிடம் என்றால்? காலை எட்டு மணிக்கு நூறு பங்கு இருந்தது, பகல் பன்னிரண்டு மணிக்கு மூன்று பங்குதான் மிஞ்சும்.

48 நிமிடத்துக்கும் 4 நாளுக்கும் இடையே நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். டீக்கடையில் பேசிய இருவரின் பலனும் ஏன் வேறுபட்டது என்பதற்கான விடை இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

ஏன் இப்படி உடைகிறது? அசாடிராக்டின் ஒரு பெரிய மூலக்கூறு. 35 கார்பன், 44 ஹைட்ரஜன், 16 ஆக்சிஜன் அணுக்கள் நெருக்கமாகப் பின்னிக்கிடக்கின்றன. அதில் நான்கு இடங்களில் எஸ்டர் என்ற வகைப் பிணைப்பு இருக்கிறது. எண்ணெயோடு காரத்தைச் சேர்த்துக் காய்ச்சினால் சோப்பு வருகிறதல்லவா? அங்கே நடப்பது எண்ணெயின் எஸ்டர் பிணைப்பைக் காரம் உடைப்பதுதான். அசாடிராக்டினுக்கும் காரத் தண்ணீரில் அதுபோன்ற கதி நேரும். போதாதற்கு, அதன் வளையங்களில் சில அமிலம் அதிகமானாலும் உடையும், வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டாலும் மாறும். ஆக, எந்தப் பக்கமும் அதிகம் போகாத, லேசான புளிப்புள்ள, வெயில் படாத, குளிர்ந்த தண்ணீர்தான் அதற்குப் பிடித்த இடம். பி.எச். அளவில் சொன்னால் 4 முதல் 6 வரை. 7-ஐத் தாண்டத் தாண்ட உடைவது வேகமெடுக்கும். 8-ஐத் தாண்டினால் மணிக்கணக்கில்தான் தாங்கும்.

தண்ணீரை எப்படித் தெரிந்துகொள்வது?

பி.எச். என்றதும் பயப்பட வேண்டாம். நம் வீட்டிலேயே அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதே, அது காரத்தைக் காட்டும் அடையாளம். வெள்ளைத் தாளில் மஞ்சள் கரைசல் தடவி உலர்த்தி, அதன்மேல் உங்கள் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். சிவந்தால் அந்தத் தண்ணீர் நன்றாகவே காரமானது. வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு ஆகாது. மஞ்சளாகவே இருந்தால் மட்டும் நிம்மதியாகிவிட முடியாது, ஏனென்றால் லேசான காரத்தை மஞ்சள் காட்டாது. சரியான அளவு வேண்டுமானால் பி.எச். தாள் வாங்கிப் பார்க்கலாம். மண் பரிசோதனை நிலையத்துக்கு மண் கொண்டுபோகும்போது பாசனத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் எடுத்துப் போகலாம்.

சொல்லப்போனால், மஞ்சளும் இதே கதைதான். மஞ்சளின் நிறம் தரும் குர்குமின், காரம் ஏறிய கரைசலில் நிற்காமல் உடைந்துபோகும். ஆரத்தித் தண்ணீரை அப்படியே வைத்திருந்தால் அந்தச் சிவப்பு மங்கிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். தாவரங்கள் செய்யும் பல பொருட்கள் செடிக்குள் இருக்கும்வரை பத்திரமாக இருக்கும். தண்ணீரில் கரைந்ததும் ஆயுள் எண்ணத் தொடங்கிவிடும்.

இனி, எந்தத் தண்ணீர்? இந்தப் பகுதி விவசாயிக்கு மூன்று வழி இருக்கிறது: ஏரி, போர்வெல், மழை.

உத்திரமேரூர் ஏரி பல்லவர் காலத்தில் வயிரமேக தடாகம் என்று பெயர் பெற்றது. ஏரியைப் பார்த்துக்கொள்ளவே ஏரி வாரியம் என்று தனிக் குழு வைத்து, அதற்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை 919, 921-ம் ஆண்டுகளில் கல்லில் வெட்டி வைத்த ஊர் இது. அந்த ஏரித் தண்ணீரில் நாள் முழுக்க ஒரு மாற்றம் நடக்கிறது. பாசி பச்சையாகப் படர்ந்த நீரில், வெயில் ஏற ஏற பாசி கரியமில வாயுவை உறிஞ்சும். கரியமில வாயுதான் தண்ணீருக்கு லேசான புளிப்பைத் தருவது. அது குறையக் குறைய தண்ணீர் காரப் பக்கம் நகரும். ராத்திரியில் பாசி மூச்சு விடும்போது மறுபடியும் இறங்கும். அதனால் பாசி நிறைந்த ஏரியில் பிற்பகலில் மொண்ட தண்ணீரும் விடியற்காலையில் மொண்ட தண்ணீரும் ஒன்றல்ல. கரைசலுக்கு விடியற்காலைத் தண்ணீர் மேல்.

போர்வெல் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம் இருந்தால், தொட்டியில் நிற்க நிற்க அதிலிருந்தும் கரியமில வாயு வெளியேறி காரம் ஏறும். உப்புத் தண்ணீர் வரும் போர் என்றால் இதைக் கட்டாயம் சோதித்துப் பார்க்க வேண்டும். மழைத் தண்ணீர் இயல்பாகவே லேசான அமிலத் தன்மை கொண்டது. பிடித்து வைத்திருந்தால் அதைவிட நல்ல தண்ணீர் இல்லை.

வேறு தண்ணீரே இல்லை என்றால், எலுமிச்சைச் சாறு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து பி.எச். தாளில் 5.5-க்கும் 6.5-க்கும் இடையே வருமாறு பார்த்துக்கொள்ளலாம். கடையில் விற்கும் அசாடிராக்டின் பாட்டில்கள் பலவற்றின் லேபிளில் சொல்லப்படும் அளவும் இதுதான். அதிகம் ஊற்றினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். 4-க்குக் கீழே போனாலும் உடையும்.

சோப்பு எப்போது சேர்ப்பது?

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் 5 சதவீத வேப்பங்கொட்டைப் பருப்புக் கரைசலின் முறை இது. நன்றாக உலர்ந்த பருப்பு 5 கிலோவைப் பக்குவமாகப் பொடித்து, 10 லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைக்க வேண்டும். காலையில் மரக்கட்டையால் பால் போல வெளுக்கும்வரை கலக்கி, இரட்டை மடிப்புத் துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்க வேண்டும். பிறகு 200 கிராம் சோப்புத் தூளைப் பசையாகக் குழைத்துச் சேர்க்க வேண்டும். ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால் பருப்பு 10 கிலோ.

"ராத்திரி முழுக்க ஊறவைக்கச் சொல்றீங்க, அப்போ உடையாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அசாடிராக்டின் தண்ணீரில் அவ்வளவு எளிதாகக் கரையாது. ஒரு லிட்டரில் கால் கிராம் அளவுக்குத்தான் கரையும். பருப்பிலிருந்து அது இறங்கிவர நேரம் வேண்டும். நல்ல தண்ணீரில், இருட்டில், ராத்திரிக் குளிர்ச்சியில் ஊறும்போது உடைவது குறைவு, இறங்குவது அதிகம். லாபம்தான். தண்ணீர் காரமாக இருந்தால் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். சீக்கிரம் இறங்கட்டும் என்று கொதிக்கவைத்தாலும் அதேதான். சூடு ஏற ஏற உடைவதும் வேகமாகும்.

சோப்பு எதற்கு? நெல் இலையில் மெழுகுப் பூச்சு இருக்கிறது. வெறும் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். சோப்பு சேர்த்தால்தான் கரைசல் இலையில் பரவி ஒட்டும். ஆனால் துணி துவைக்கும் தூளில் சோடா இருக்கும். அது நல்ல காரம். ஆக, மருந்து ஒட்டுவதற்காகச் சேர்க்கும் பொருளே மருந்தை உடைக்கவும் செய்யும். இதற்கு வழி எளிது. சோப்பைக் கடைசியில், தெளிப்பதற்குச் சற்று முன்பு சேர்க்க வேண்டும். சேர்த்தபின் கரைசலை வைத்திருக்கக் கூடாது. பாத்திரம் கழுவும் திரவமோ, மருந்துக் கடையில் கிடைக்கும் ஒட்டும் திரவமோ காரம் இல்லாததாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. காலையில் சோப்பு கலந்து வைத்துவிட்டு, ஆள் வரட்டும் என்று மாலை வரை டிரம்மில் காத்திருந்த கரைசல்தான் பல வயல்களில் தோற்ற கரைசல்.

மாலையில் அடிக்கச் சொல்வது ஏன்?

பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலேயே பிற்பகல் 3.30 மணிக்கு மேல் தெளிக்கச் சொல்லியிருக்கிறார்கள். காலை பத்து மணிக்கு அடித்தால், மருந்து முழு உச்சி வெயிலையும் இலையின் மேல் படுத்துத் தாங்க வேண்டும். புற ஊதாக் கதிர் பட்டால் அசாடிராக்டினின் வடிவமே மாறத் தொடங்கும். மாலையில் அடித்தால், அடுத்த நாள் வெயில் ஏறுவதற்குள் ஒரு ராத்திரி முழுக்க அதற்குக் கிடைக்கும். பல புழுக்கள் மேய்வதும் அந்நேரத்தில்தான். தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பியிருக்கும் என்பது கூடுதல் நன்மை.

சம்பா பருவத்தில் வடகிழக்குப் பருவமழையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாலையில் அடித்து ராத்திரி மழை கொட்டினால் இலையில் ஒன்றும் மிஞ்சாது. வானம் பார்த்துத்தான் டேங்க் தூக்க வேண்டும்.

"கசப்பு இருக்கே, நாத்தம் இருக்கே?"

பலர் கரைசலை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். கசந்தால் மருந்து நன்றாக இருக்கிறது என்று ஒரு நம்பிக்கை. இந்தச் சோதனை ஏமாற்றும். வேப்பங்கொட்டையில் கசப்பான பொருட்கள் பல இருக்கின்றன. நிம்பின் குடும்பம், சலானின் என்று வரிசை நீளும். நாற்றம் கந்தகச் சேர்மங்களால் வருவது. அசாடிராக்டின் பாதிக்கு மேல் உடைந்துபோனபின்னும் கசப்பும் நாற்றமும் அப்படியே இருக்கும். நாக்கு சொல்வதைவிட, எப்போது கரைத்தோம், எந்தத் தண்ணீரில் கரைத்தோம் என்பதை நம்புவதே நல்லது.

கொட்டைக்கும் வயது உண்டு

எட்டு மாதத்துக்கு மேற்பட்ட கொட்டையைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது பல்கலைக்கழகம். நம் பகுதியின் மூன்று பருவங்களோடு இதைப் பொருத்திப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். வேப்பம்பழம் உதிர்வது பெரும்பாலும் ஜூன், ஜூலையில். அங்கிருந்து எட்டு மாதம் என்றால் பிப்ரவரி, மார்ச். அதாவது சம்பாவுக்கு இந்த வருஷக் கொட்டை நன்றாகவே உதவும். நவரைப் பயிரின் முதல் பாதி வரை தாங்கும். ஏப்ரல், மே மாதங்களில் தொடங்கும் சொர்ணவாரிக்குக் கையில் இருப்பது போன வருஷக் கொட்டை. அதைக் கரைத்தால் வீணாவது கூலியும் நேரமும்தான்.

எட்டு மாதமும் தானாகக் கிடைத்துவிடாது. விழுந்த பழம் ஈரத்தோடு கிடந்தால் பூஞ்சாணம் பிடிக்கும், சத்தும் போகும். பொறுக்கிய கையோடு சதையைப் பிசைந்து கழுவி, நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும். வெயிலில் பரப்பிக் காயவைப்பது சுலபம்தான், ஆனால் அதுவும் இழப்பு. நன்றாக உலர்ந்தபின் சாக்கிலோ துணிப்பையிலோ கட்ட வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை வரும். கிலோ கணக்கில் கொட்டை விலைக்கு வாங்குபவர்கள் உடைத்துப் பார்த்து வாங்கலாம்: பருப்பு பச்சை கலந்த மஞ்சளாக இருந்தால் எடுக்கலாம், கறுத்து, பூஞ்சை படிந்திருந்தால் விட்டுவிடலாம்.

பாட்டிலில் வாங்கினால் பிரச்சினை இல்லையா?

கடையில் 300 பி.பி.எம்., 1,500 பி.பி.எம்., 10,000 பி.பி.எம். என்று அசாடிராக்டின் பாட்டில்கள் கிடைக்கின்றன. 300 பி.பி.எம். என்றால் 0.03 சதவீதம், 10,000 என்றால் ஒரு சதவீதம். பாட்டிலுக்குள் தண்ணீருக்குப் பதில் எண்ணெயோ வேறு கரைப்பானோ இருப்பதால் அங்கே அசாடிராக்டின் கூடுதல் காலம் தாங்கும். இப்படித் தாங்க வைப்பது எவ்வளவு பெரிய வியாபாரம் என்பதற்கு ஒரு சான்று: 1990-களின் தொடக்கத்தில் டபிள்யூ.ஆர்.கிரேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வாங்கிய வேம்புக் காப்புரிமைகளில், கெடாமல் சேமிக்கக்கூடிய அசாடிராக்டின் கரைசலுக்கானதும் உண்டு. நாம் செய்திகளில் அதிகம் கேள்விப்பட்ட ஐரோப்பியக் காப்புரிமை வேறு. அது வேப்பெண்ணெயால் பூஞ்சாணத்தைக் கட்டுப்படுத்துவது பற்றியது. அது 2000-ல் ரத்தாகி, 2005-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது.

பாட்டிலையும் பம்புசெட் கொட்டகையில், சூடேறும் ஷீட் கூரைக்கு அடியில் மாதக்கணக்கில் வைத்தால் வீரியம் குறையும். தயாரித்த தேதி, காலாவதித் தேதி பார்த்து, தேவைக்கு ஏற்ற சிறிய பாட்டிலாக வாங்கி, வீட்டில் நிழலில் வையுங்கள். தண்ணீரில் கலந்துவிட்டால் பாட்டில் மருந்துக்கும் வீட்டுக் கரைசலுக்கும் ஒரே சட்டம்தான்: அன்றைக்கே அடித்துவிட வேண்டும்.

எதோடு சேர்க்கக் கூடாது?

சுண்ணாம்பு, போர்டோ கலவை இரண்டும் காரம். வேப்பங்கொட்டைக் கரைசலோடு ஒரே டேங்கில் கலக்கக் கூடாது. நாள்பட்ட கோமியத்தில் அமோனியா சேர்ந்து காரம் ஏறியிருக்கும். அதில் வேம்பை ஊறவைத்து வாரக்கணக்கில் வைத்திருக்கும் கரைசல்களில் அசாடிராக்டின் மிஞ்சும் என்று நம்ப முடியாது. அவற்றால் பலன் கிடைப்பதாகச் சொல்பவர்கள் உண்டு. அது வேறு பொருட்களால் இருக்கலாம். வேப்பங்கொட்டையின் பலன் வேண்டுமென்றால் அதைத் தனியாக, புதிதாகக் கரைப்பதே வழி.

உடைவது குறையா, குணமா?

இவ்வளவு சீக்கிரம் உடையும் மருந்தால் என்ன பயன் என்று தோன்றலாம். கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாம். டி.டி.டி. போன்ற பழைய மருந்துகள் பேர் வாங்கியதே உடையாமல் நிற்பதற்காகத்தான். அதே குணத்தால்தான் அவை மண்ணிலும் மீனிலும் பாலிலும் வருஷக்கணக்கில் தங்கின. அசாடிராக்டின் இலையில் இரண்டொரு நாளில் பாதியாகிவிடுவதால் அரிசியிலும் காயிலும் தங்கிச் சேரும் பயம் குறைவு. பயிருக்கு அருகில் பிள்ளைகள் விளையாடும், மாடு மேயும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

அதற்காக எங்கே வேண்டுமானாலும் ஊற்றலாம் என்று அர்த்தமில்லை. மீனுக்கு இது ஓரளவு நஞ்சு. டேங்க் கழுவிய தண்ணீரை ஏரியிலோ வாய்க்காலிலோ விடக் கூடாது. வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுப்பதும் ஆபத்து.

கையில் வைத்துக்கொள்ள

- கொட்டை இந்த வருஷத்தது, நிழலில் உலர்ந்தது, எட்டு மாதத்துக்குள்.
- ஊறவைக்கும் தண்ணீர் மழைத் தண்ணீர், அல்லது விடியற்காலை மொண்ட நல்ல தண்ணீர். மஞ்சள் தாள் சிவந்தால் வேண்டாம்.
- கொதிக்கவைக்க வேண்டாம். ஊறும் பாத்திரத்தை நிழலில் மூடி வையுங்கள்.
- காலையில் வடிகட்டியதையும் நிழலில் வைத்து, மாலை 3.30 மணிக்கு மேல், அடிக்கும் நேரத்தில் 100 லிட்டராக்கி, சோப்பை அப்போது சேருங்கள்.
- மிச்சத்தை நாளைக்கு வைக்க வேண்டாம்.
- நான்கைந்து நாள் கழித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். இலையில் மருந்து நிற்பது சில நாள்தான். பூச்சி மறுபடி வந்தால் புதிதாகக் கரைத்து மறுபடி அடிக்க வேண்டியிருக்கும்.

பாலை யாரும் முந்தாநாள் கறந்து வைத்துவிட்டு, திரிந்துபோனால் மாட்டைக் குறை சொல்வதில்லை. வேப்பங்கொட்டைக் கரைசலையும் அந்தக் கணக்கில் வைத்துக்கொண்டால், மரத்தடியில் சும்மா உதிர்ந்து கிடப்பதே இந்தச் சம்பாவுக்கு ஒரு மருந்துச் செலவை மிச்சப்படுத்தும்.